குரல் கொடுத்தவர் யார்?

'குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தவர்' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கய்யா குரல் இல்லை? அவனவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தான். காதைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள்தான் அவனை ஊமை என்கிறார்கள். பிரெஞ்சு நாடக இயக்குநர் ழான்-மரி செரோவைப் பற்றிப் பேசும்போதும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். செரோ மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதற்குக் காரணம் வேறு.

1915இல் பிரான்சின் புவாத்தியே நகரில் பிறந்த வெள்ளைக்காரர் செரோ. பாரிசில் பாபிலோன் அரங்கை நடத்தினார். பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்', ரோழே பிளேன் இயக்கத்தில் 1953இல் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். அதோடு நின்றிருந்தால் நவீன நாடகத்தின் பெரிய மனிதர் என்ற பட்டத்தோடு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

அவர் கையில் எடுத்தது அல்ஜீரியாவின் கதெப் யாசின் எழுதிய 'சுற்றிவளைக்கப்பட்ட பிணம்'. 1945 மே 8ஆம் தேதி செதிஃப் நகரில் விடுதலை கேட்டு ஊர்வலம் போன சனங்கள் மேல் பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியைத் திருப்பியது. பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பையனாக அதில் கலந்துகொண்டு சிறைக்குப் போனவர் கதெப். அந்த ரத்தத்திலிருந்து எழுந்த பிரதி அது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது அதைப் பாரிசில் பகிரங்கமாகப் போட வழியில்லை. 1958இல் துனிசியாவின் கார்த்தேஜிலும், பிறகு பிரஸ்ஸல்சிலும் செரோ அதை மேடையேற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்த நாட்டின் யோக்கியதை இது! அந்த நாட்டுக்காரனே அதன் அட்டூழியத்தைச் சொல்ல அடுத்த நாட்டு மேடையைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அடுத்து எமே செசேர். மார்த்தினிக் தீவின் கறுப்புக் கவிஞர். கறுப்பர் போராட்டத்தை இன்னொரு போராட்டத்தின் வாலாக ஆக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1956இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறியவர். 'முதலில் வர்க்கம், சாதி அப்புறம்' என்று நமக்குப் பாடம் நடத்திய தோழர்கள் அந்தக் கடிதத்தைத் தேடிப் படிக்கட்டும். அவருடைய 'மன்னன் கிறிஸ்தோஃபின் அவலம்' நாடகத்தை 1964இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் செரோ முதலில் போட்டார். அடிமைத்தனத்தை உடைத்த ஹெய்தியில், சமையல்காரனாக இருந்து முடிசூடியவன் தன் சனங்களையே கல் சுமக்க வைத்த கதை. மன்னனாக நடித்தவர் செனகலைச் சேர்ந்த டூட்டா செக். 1966இல் டாக்காரில் நடந்த உலகக் கறுப்பர் கலைவிழாவுக்கும் அந்த நாடகம் போனது. 1969இல் துனிசியாவின் ஹம்மாமெத்தில் 'ஒரு புயல்'. ஷேக்ஸ்பியரின் காலிபன் செசேரின் கையில் கறுப்பு அடிமையாகி, ஆப்பிரிக்க மொழியில் விடுதலை என்று கூவிக்கொண்டே மேடைக்கு வருகிறான்.

இதில் செரோ 'கொடுத்த' குரல் எங்கே இருக்கிறது? எழுத்து கதெப்புடையது, செசேருடையது. உடம்பும் தொண்டையும் டூட்டா செக்குடையது. கறுப்பு நடிகர்களைச் செரோ ஒன்றும் உண்டாக்கிவிடவில்லை. வேலைக்காரி வேஷம் கட்டியது போதும் என்று தோத்தோ பிசெந்த், சாரா மல்தொரோர் முதலானவர்கள் 1956லேயே பாரிசில் 'கிரியோ' என்ற குழுவைத் தாங்களே கட்டிவிட்டார்கள். செரோவிடம் இருந்தது தொழில்திறமை, தொடர்புகள், வெள்ளைத் தோலுக்குத் திறக்கும் கதவுகள். அதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். நடு மேடையில் தான் நிற்கவில்லை. என் மரியாதை இதற்குத்தான்.

அவர் கடைசியாக அரங்கம் அமைத்தது பாரிசின் கார்துஷ்ரி வளாகத்தில். அங்கேயே, 2018 டிசம்பரில், அரியான் ம்னூஷ்கினின் சூரிய அரங்கக் குழு 'கனாட்டா' நாடகத்தைப் போட்டது. இயக்கியவர் கியூபெக்கின் ரொபேர் லெபாழ். கதை கனடாவின் பூர்வகுடிகளுடையது. நடிகர்களில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. ஜூலையிலேயே பூர்வகுடிக் கலைஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். நடிகன் யாராகவும் மாறலாம், அது கலையின் உரிமை என்று பதில் வந்தது. நல்ல உரிமை! வெள்ளைக்காரன் யாராகவும் மாறலாம். பூர்வகுடி மட்டும் பூர்வகுடியாகக்கூட மேடையேற முடியாது.

கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் படைக்கலாமா என்று 1990களில் சிறுபத்திரிகைகளில் அடித்துக்கொண்டோமே, அது இன்னும் தீரவில்லை. பறையடிக்கிற பெரியவரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, அடவைக் கற்றுக்கொண்டு, பஸ் சார்ஜ் கொடுத்து அனுப்பிவிட்டு, அரங்கேற்றத்தன்று தானே தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற முற்போக்கு இயக்குநர்கள் இங்கே உண்டு. கேட்டால் கலைக்குச் சாதி இல்லை என்பார்கள். சம்பளப் பட்டியலுக்கும் விருதுப் பட்டியலுக்கும் இருக்கிறதே சாமி!

நம்மோடு வருகிறேன் என்கிற எவரிடமும் நான் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. எழுத்து யாருடையது? மேடையில் நிற்கும் உடம்பு யாருடையது? அடி விழுந்தால் யார் மேல் விழும்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லட்டும், வந்து உட்காரட்டும்.

கதெப்பின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் அல்ஜீரியாவுக்குத் திரும்பி, 1971இல் பிரெஞ்சை விட்டுவிட்டு, தெருவில் சனங்கள் பேசுகிற அரபியில் 'முகமதே, பெட்டியை எடு' நாடகத்தைப் போட்டார். பிரான்சில் கூலிவேலை பார்த்த தன் நாட்டுத் தொழிலாளர்கள் முன்னாலும் கொண்டுபோய் நடத்தினார். அதற்குச் செரோ தேவைப்படவில்லை. செரோவைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் போடட்டும்.