வெளிச்சம் மீனுக்கு இல்லீங்க!

கோயமுத்தூரில் மில் உண்டு, மோட்டார் பம்ப் உண்டு, சிறுவாணித் தண்ணி உண்டு. கடல் மட்டும் கிடையாது. அதற்குச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் ஆசை யாரை விட்டது? பாக்கெட் உப்பு வாங்கி, தண்ணீரில் கலக்கி, ஹாலில் மூன்றடிக்குச் சொந்தக் கடல் உண்டாக்கிவிடுகிறான் நம்மாள். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன். (2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து அதன் பெயர் நீமோ. ஜோடியில் பெண் செத்துப்போனால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். அதைப் படத்தில் சொல்லவில்லை!)

நீமோ தனியாக நீந்தினால் படம் மாதிரி இல்லையே என்று அடுத்து ஒரு கடல் தாமரை வாங்கத் தோன்றும். அங்கேதான் வம்பு.

பெயர்தான் தாமரை. பூவும் இல்லை, செடியும் இல்லை. பவளத்துக்குப் பங்காளி முறையாகும் ஒரு பிராணி. நடுவில் வாய், சுற்றிலும் கொட்டும் விரல்கள். கோமாளி மீன் தங்குகிற வகைகளின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். மீனின் கழிவு பாசிக்கு உரம். ஆக, தாமரைக்கு வெளிச்சம் என்பது அலங்காரம் இல்லை, சோறு. மீனுக்கு எந்த பல்பும் போதும்.

எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன், தோட்டக்காரர் வீட்டுப் பையன், போன மாதம் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, 20 வாட் எல்.இ.டி. போதுங்களா, 50 வேணுங்களா?"

"உங்கப்பா கிணத்துக்கு மோட்டார் வாங்கறப்ப என்ன கேப்பாரு?"

"எத்தனை அடி ஆழத்துல இருந்து எவ்வளவு தண்ணி எடுக்கும்னு கேப்பாருங்க."

"லைட்டுக்கும் அதையே கேளு!"

வாட் என்பது கரண்ட் பில். தாமரை உட்காரும் ஆழத்தில் பாசிக்குப் பயன்படும் வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு. அதற்குப் 'பார்' என்று ஓர் அளவு இருக்கிறது. உச்சி வெயிலில் கடல் மேல்மட்டத்தில் அது 2000 வரை போகும். வீட்டில் வளர்ப்பவர்கள் அதிகம் வாங்கும் குமிழ் விரல் வகைக்கு 100-லிருந்து 250 இருந்தால் சமாளித்துக்கொள்ளும். மற்ற பெரிய வகைகள் இன்னும் கேட்கும். அதே விளக்கு ஒரு அடி ஆழத்தில் ஒரு கணக்கு, ஒன்றரை அடியில் வேறு கணக்கு. 'ஒன்றரை அடியில் பார் எவ்வளவுங்க?' என்று கேட்டால் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். 'நல்லா பளிச்சுனு இருக்குங்க' என்றால் நடையைக் கட்டுங்கள்.

பளிச் என்பது நம் கண் செய்யும் மோசடி. கண்ணுக்குப் பச்சை கலந்த மஞ்சள்தான் பிடிக்கும். செல்போன் லக்ஸ் மீட்டருக்கும் அதே புத்தி. கடல் நீரோ சிவப்பை முதலில் விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் ஆழத்துக்கு அனுப்பும். பாசிக்குப் பழக்கமானது அந்த நீலம், 450 நானோமீட்டர் வாக்கில். நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு தாமரைக்கு விருந்தாக இருக்கலாம்.

தம்பியோடு ஒரு கடைக்கும் போனேன். பால் வெள்ளையாக ஒரு தாமரை. "ரேர் பீஸுங்க" என்றார் கடைக்காரர். பக்கத்தில் சேறு நிறத்தில் இன்னொன்று, பாதி விலை. தம்பியின் கை வெள்ளைக்குப் போனது. தட்டிவிட்டேன். அந்தப் பழுப்புதான் பாசியின் நிறம். வெள்ளை என்றால் பாசி காலி செய்துகொண்டு போய்விட்டது, பிராணி பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். 2010-லும் 2016-லும் சூடு தாங்காமல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான். சிலர் வெள்ளைக்கு மஞ்சள், ரோஸ் சாயம் வேறு ஏற்றி விற்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இத்தனை கறாராகச் சொல்கிறேன்? ஸ்காட்லாந்தில் 1828-ல் கடலோரத்திலிருந்து எடுத்துவந்த ஒரு கடல் தாமரை, வேறு வகை, எடின்பரோவில் ஜாடித் தண்ணீரிலேயே 1887 வரை இருந்தது. 'கிரானி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் ஆயுசுக்குக் கூட வரக்கூடிய ஒன்றை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சில மாதம் பட்டினி போட்டு, கடைசியில் குப்பையில் கொட்டுகிறோம்.

நல்ல விளக்கு வாங்கியதும் முழு வேகத்தில் போடக்கூடாது. மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து, சில வாரங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். தினம் எட்டிலிருந்து பத்து மணி நேரம், அதுவும் டைமரில். பிடிக்காவிட்டால் தாமரை எழுந்து நடக்கும், நிஜமாகவே! நடந்துபோய்ப் பம்பில் சிக்கினால் துண்டு துண்டாகித் தொட்டியே நாறிவிடும். கரண்ட் போனால் இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், சில மணி நேரம் தாங்கும். காற்றுக்கு மட்டும் பாட்டரி பம்ப் வையுங்கள். புதுத் தொட்டி என்றால் ஆறு மாதமாவது தாமரைப் பேச்சே கூடாது.

அதுவரை மீன் என்ன செய்யும்? ஒன்றும் ஆகாது. தொட்டியில் அதைத் துரத்தித் தின்ன ஆள் இல்லாதபோது தாமரை இல்லாமலே சௌக்கியமாக வாழும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடித்ததை விட்டுவிட்டு, அப்படித் தொட்டியில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்கலாம்.

தம்பி இப்போதைக்கு ஒரு சின்ன மண் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். நீமோ தம்பதி அதற்குள் குடியேறி, கையை விட்டால் கடிக்க வருகிறார்களாம். பார் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.