மாட்டை விற்றால் கடன் தீருமா?

"ஐயா, எங்களுக்கு 2 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். நெல்லும் மணிலாவும் போடுகிறோம். ஒரு கலப்பின மாடு கறவையில் இருக்கிறது, ஒரு கிடேரி வளர்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 70,000 ரூபாய். வங்கியில் 2 சவரன் செயின் 60,000-க்கு அடகில் இருக்கிறது, வட்டி 9 சதவீதம். மகளிர் குழுக் கடனுக்கு வாரம் 850, இன்னும் 30 வாரம் பாக்கி. உரக்கடையில் 9,000 பாக்கி. இது போக, மாமியார் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஊரில் ஒருவரிடம் 3 வட்டிக்கு 50,000 வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. வட்டி மட்டும்தான் கட்டுகிறோம். பால் பணம், வீட்டுக்காரரின் கூலி, உரிமைத்தொகை எல்லாம் சேர்ந்து மாதம் 13,600 வருகிறது. பையன் 9-ம் வகுப்பு, பெண் காலேஜ். மாட்டை 45,000-க்குக் கேட்கிறார்கள். அதை விற்று 3 வட்டிக் கடனை அடைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். சங்கக் கடன் எப்படியும் தள்ளுபடி ஆகிவிடும், இப்போது கட்ட வேண்டாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

சகோதரி, முதலில் மாட்டைப் பார்ப்போம். 45,000-ஐக் கொண்டுபோய் அந்தக் கடனில் கட்டினால் மாதம் 1,350 ரூபாய் வட்டி மிச்சம். உங்கள் மாட்டுக்குத் தீவனப் பிடித்தம் போக 10 நாளைக்கு 1,800 வருவதாகக் கடிதத்தின் பின்பக்கம் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அதாவது மாதம் 5,400. பால் குறையும் மாதங்கள், வற்றிய காலம், வைத்தியச் செலவு எல்லாவற்றையும் கழித்து வருஷச் சராசரியாக மாதம் 3,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,350-ஐ மிச்சம் பிடிக்க 3,000-ஐ இழக்கலாமா? எருவும் போகும், பையனுக்கு ஒரு டம்ளர் பாலும் போகும். கறவை மாட்டை விற்காதீர்கள்.

ஆனால் அந்தக் கடனை முதலில் முடிக்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 3 வட்டி என்பது வருஷத்துக்கு 36 சதவீதம். மாதம் 1,500 வீதம் 30 மாதத்தில் 45,000 கொடுத்துவிட்டீர்கள். 50,000 அசல் அப்படியே நிற்கிறது. இன்னும் பத்து வருஷம் கட்டினாலும் அப்படியேதான் நிற்கும். உங்கள் 5 கடன்களில் இது ஒன்றுதான் குடும்பத்தைத் தின்கிறது. மற்றவை ஏதோ ஒரு நாள் முடியக்கூடியவை.

இதை முடிக்க மாட்டைவிட நல்ல வழி உங்கள் செயினிலேயே இருக்கிறது. 60,000 வாங்கியபோது இருந்த தங்கத்தின் விலை வேறு, இன்றைய விலை வேறு. அதே 2 சவரனுக்கு இன்று 1,10,000 வாங்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். எடை, தரம் சரியாக இருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடுதலாகக் கிடைக்கும் 50,000-ஐ அன்றைக்கே ஊர்க்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். 36 சதவீதக் கடன் 9 சதவீதக் கடனாக மாறிவிடும். வருஷம் 18,000 போன இடத்தில் 4,500 போகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கும் பழைய வழக்கத்தைப் பல வங்கிகள் இப்போது ஏற்பதில்லை. அசலையும் கட்டி மீட்ட பிறகே மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாள் பணத்துக்காகத் தண்டல்காரரிடம் ஓடுகிறவர்கள் நிறைய. நீங்கள் ஓட வேண்டியதில்லை. அறுவடைப் பணம் 1 லட்சம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வந்ததும், சங்கத்தின் தவணைத் தேதிக்கு 15 நாளாவது இருக்கும்போது, வட்டியோடு 65,400 கட்டி நகையை மீட்டு, மறுபடி வையுங்கள். மீட்பதற்கு முன்பே, திரும்ப வைத்தால் எவ்வளவு தருவீர்கள், என்றைக்குத் தருவீர்கள் என்று மேலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மீதமிருந்த 34,600-ம் புதிதாக வாங்கும் 1,10,000-ம் சேர்ந்து 1,44,600. ஊர்க்கடன் 50,000, சங்கக் கடன் 70,000 போக 24,600 கையில் நிற்கும். உரக்கடை 9,000-ஐ அதில் முடியுங்கள். கடனுக்கு வாங்கும் மூட்டையின் விலையில் வட்டி ஒளிந்திருக்கிறது. ரொக்க விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பணம் கொடுக்கும்போது எழுதிக் கொடுத்த புரோநோட்டையும், கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள், செக் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்குங்கள். "அப்புறம் தேடித் தருகிறேன்" என்றால் பணமும் அப்புறம்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால், தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. சிறைத் தண்டனை வரை உண்டு. காவல் நிலையத்தில் தயங்கினால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். அதுவரை போகாமல் முடிந்தால் நல்லது. ஒரே ஊரில்தானே இருக்கப் போகிறீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஊர்க்காரருக்குக் கொடுத்துவந்த 1,500 ரூபாய் மிச்சமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். அதை அப்படியே மாதாமாதம் நகைக்கடனில் கட்டுங்கள். பகுதியாகக் கட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கூடுதல் 50,000 சுமார் 39 மாதத்தில் தீரும். கிடேரியை 20,000-க்கு விற்று அதிலேயே போட்டால் 22 மாதம் போதும். ஏதாவது ஒன்றை விற்றே ஆக வேண்டுமானால் அது கிடேரிதான். ஆனால் ஊசி போட்டுச் சினை நின்றிருந்தால் அவசரப்படாதீர்கள். சினைக் கிடேரிக்கு விலை வேறு. செயின் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வைத்ததாக இருக்கலாம். அதனால்தான் இந்த 1,500-ஐ எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்கிறேன்.

தள்ளுபடி பற்றி. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது உண்மை. 2021-ல் மட்டும் 12,110 கோடி ரூபாய். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 வருஷம், 5 வருஷம் என்று இடைவெளி இருந்ததைக் கவனியுங்கள். அறிவிப்பு வந்தாலும், எந்தத் தேதியில் நிலுவையில் இருந்த கடன் என்று ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நாம் நிற்போம் என்று யாருக்குத் தெரியும்? தவணைக்குள் கட்டினால் அந்தப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. தவறினால் அந்தச் சலுகை போகும், அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைக்காது. அப்போது மறுபடி 3 வட்டிக்காரர் வாசலில்தான் நிற்க வேண்டும். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்து, சத்தம் போடாத சங்கத்தைக் கடைசியில் விடுவது நம் ஊர்ப் பழக்கம். கூட்டுறவு வேலையில் இருந்த காலத்தில் இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குழுக் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 3,700 ஆகிறது. மாதத்தில் வரும் 3 பால் பட்டுவாடாவில் 2 அதற்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள். 30 வாரம் முடிந்ததும் "அக்கா, இப்போது 80,000 தருகிறோம்" என்று வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நுண்கடன் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று இருக்கிறது: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதமும் கிடையாது.

வீட்டுச் செலவில் எதைக் குறைப்பது? சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ஒரு லிட்டர் பால் வீட்டில் நிற்கட்டும். ரேஷனில் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதை ஒரு மாதமும் விடாதீர்கள். மாமியாரின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு 600 ரூபாய் ஆவதாக எழுதியிருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே இலவசமாக வரும். துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, இப்போது சாப்பிடும் சீட்டைக் காட்டுங்கள். அவர்களாகச் சொல்லாமல் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வாங்கிய மொய்யைத் திருப்பித்தான் ஆக வேண்டும், அதுவும் கடன்தான். புதிதாக எழுதுவதை இரண்டு வருஷத்துக்குச் சின்னதாக எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் 3 செல்போனுக்கும் தனித்தனியாகப் பெரிய ரீசார்ஜ் தேவையா என்று காலேஜ் போகும் பெண்ணையே கணக்குப் போடச் சொல்லுங்கள். குடும்பக் கடன் அவளுக்கும் தெரியட்டும்.

வங்கிக்குப் போகும்போது அடகுச் சீட்டு, ஆதார், பாஸ்புக், சிட்டா, அடங்கல் எடுத்துப் போங்கள். விவசாய நகைக்கடன் என்று சொல்லிக் கேளுங்கள். வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது 9 சதவீதத்தைத் தாண்டினால் மேலே சொன்ன மாதக் கணக்கு கொஞ்சம் நீளும். எனக்கு எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதும் மற்றவர்களுக்கு: எவ்வளவு கடன் என்பதோடு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எந்தத் தேதியில் கையில் பணம் வரும் என்பதையும் எழுதுங்கள்.