முகாமில் கரண்டி யார் கையில்?

எட்டாம் வகுப்பில் நான் வாங்கிய சாரணியர் சான்றிதழ் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. 'துவிதிய சோபான்', அதாவது இரண்டாம் படி. அதற்கான தேர்வுகளில் சமையலும் ஒன்று. திறந்தவெளியில் அடுப்பு மூட்டி, எளிய உணவு இரண்டைச் செய்துகாட்ட வேண்டும். நான் தேறிவிட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அந்த முகாமின் மூன்று நாட்களில் நான் ஒருமுறைகூடக் கரண்டியைத் தொடவில்லை.

திருநெல்வேலிப் பக்கம், அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம், இந்தக் கதை நடக்க அந்தப் பள்ளிதான் வேண்டும் என்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாரணியர் படை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் அதை வெறுக்க முடியவில்லை. வீட்டைவிட்டு வெளியே நான் தூங்கிய முதல் இரவு அந்த முகாமில்தான். பெரியவளான பிறகு பள்ளிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தவிர வேறெங்கும் போகாத பிள்ளைகள் நாங்கள். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தொண்டை கட்டுமளவு பாடினோம். ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். எங்கள் அணிக்கு மல்லிகை என்று பெயர், எட்டுப் பேர். கழுத்தில் எல்லோருக்கும் ஒரே ஸ்கார்ஃப். பையன்கள் பள்ளியில் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஒரே நிறத் துணி எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சீருடைக்கும் முகாம் கட்டணத்துக்கும் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினாள்.

முதல்நாள் காலையில் டீச்சர் வேலை பிரித்தார். எங்கள் அணியில் காலனித் தெருவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். "நீங்க ரெண்டு பேரும் தெம்பான பிள்ளைய. தண்ணி, குழி வேலைய நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். குழி என்றால் கழிப்பிடக் குழி, குப்பைக் குழி. மறுநாள் வேலை மாறும் என்று நினைத்தோம். மாறியது: தண்ணீருக்குப் பதில் பாத்திரம் கழுவுதல். ரோஜா அணியிலும் தாமரை அணியிலும் எங்கள் தெருப் பிள்ளைகளே குழிக்கு வந்தார்கள். குழியடியில் நாங்கள் ஐந்து பேர் ஒன்றுகூடியபோது ஒருத்தி மட்டும் சிரித்துவிட்டாள். மற்ற யாரும் எதுவும் சொல்லவில்லை.

யாரும் எங்களைத் திட்டவில்லை. தனியாக உட்கார வைக்கவில்லை. அவரவர் தட்டு, அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும் என்பது முகாம் விதி. ஆகவே தட்டிலும் எதுவும் தெரியாது. எங்கள் அணித்தலைவி நல்லவள். எனக்குக் காய்ச்சல் வந்த இரவில் தன் போர்வையைக் கொடுத்தவள். அவளிடம் மட்டும், "ஏட்டி, நாளைக்கு நான் குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. "வீட்ல தெரிஞ்சா அடுத்த முகாமுக்கு என்னைய விடமாட்டாவ" என்றாள். பொய் சொல்லவில்லை அவள். வெளியே வர அவளுக்குக் கிடைத்த ஒரே கதவும் அதுதான். ஒரு பெண்ணின் முகாம் அனுமதி, இன்னொரு பெண் அடுப்பைத் தொடாமல் இருப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அகமணமுறையைப் பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் நாள், தேர்வு. சமைத்தவர்கள் சமைத்தார்கள். எல்லோர் பெயருக்கு நேரேயும் டீச்சர் தேர்ச்சி என்று எழுதினார். அன்பாகத்தான் எழுதினார், யாரும் தோற்றுவிடக் கூடாதே என்று. இன்று பழைய பள்ளிப் பதிவேடுகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நேர்த்தியான கையெழுத்தில் எல்லோருக்கும் தேர்ச்சி போட்டிருக்கும் பக்கங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் நின்றுதான் புரட்டுகிறேன்.

இந்த இயக்கத்தின் வரலாறும் இப்படித்தான். தொடக்கத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கத்தில் இடமில்லை, வெள்ளையருக்கே அது. இந்த நிறவெறியை எதிர்த்து 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கியவர் அன்னி பெசன்ட். பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே பெசன்ட் 1909இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையில், தீண்டப்படாத சாதிக் குழந்தைகளை மற்றவர்களோடு ஒரே பள்ளியில் கலக்கக் கூடாது, முதலில் அவர்களுக்குத் தூய்மை கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது பற்றிய தம் நூலில் அம்பேத்கர் இதை விரிவாக எடுத்துவைக்கிறார். வெள்ளையன் நம்மை ஒதுக்குகிறான் என்று கொதித்த மனதுக்கு, தான் ஒதுக்குவது சுகாதாரமாகத் தெரிந்திருக்கிறது.

சாரணியர் விதிகளில் எல்லோருக்கும் தோழியாக இருக்கச் சொல்லும் விதி உண்டு. 1908இல் பேடன் பவல் எழுதிய முதல் வடிவத்தில், சமூக வர்க்கம் பாராமல் என்றும் இருந்தது. நாங்கள் மூன்று விரல் உயர்த்திச் சொன்ன விதியில் வர்க்கமும் இல்லை, சாதியும் இல்லை. பெயர் சொல்லாத ஒன்றை யார் மீறினார்கள் என்று எப்படிக் கேட்பது?

எங்கள் மாவட்டத்துக்கு இந்தச் சமையல் விவகாரம் புதிதல்ல. நூறாண்டுகளுக்கு முன், வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத்தான் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போராடினார்கள். அதுவும் பிள்ளைகளைத் தேசத்தொண்டுக்குத் தயார் செய்யும் இடம்தான். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், தலித் பெண் சமைத்த சத்துணவை ஏற்க மறுத்துப் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். பந்தியிலிருந்து அடுப்புக்கு வர நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதுதான் செய்திகளில் ஓடியது. அதே அறிக்கையில், எல்லாச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட சமூகநீதி மாணவர் படை ஒன்றும் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. தனிச் சீருடை, பயிற்சியோடு. அந்தப் படை வேண்டும் என்று முழுமனதோடு சொல்கிறேன். ஆனால் சீருடை சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்ப என்னால் முடியாது, நான் அதைப் போட்டிருக்கிறேன். அந்தப் படையின் முகாமில் சமையல் பட்டியலை யார் எழுதுவார்கள்? குலுக்கல் முறையில் எழுதுவார்களா, 'தெம்பு' பார்த்து எழுதுவார்களா? எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்த வேலை செய்தது என்று பதிவேட்டில் இருக்குமா? சாரணியர், என்.எஸ்.எஸ்., இளஞ்செஞ்சிலுவை என்று ஏற்கெனவே பள்ளிகளில் நடக்கும் முகாம்களில் இதைத் தொடங்க, புதிய படை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சுழற்சிமுறை கட்டாயம், பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். "இப்போ யாரு சாதி பாக்கா?" என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு இதில் சிரமம் இருக்காது.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. சாரணியரில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் முகாம். படிவத்தைக் காட்டி "அனுப்பவா, வேண்டாமா?" என்று அக்கா கேட்டாள். அனுப்பு என்றேன், யோசிக்காமல். அந்த ராத்திரியும் நெருப்பும் முடிச்சுகளும் அவளுக்கும் கிடைக்கட்டும். பிறகு அவளை உட்காரவைத்து என் முகாம் கதையை முழுவதுமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சித்தி, என் பேரு சமையல் லிஸ்ட்ல இல்லன்னா நான் யார்ட்ட கேக்கணும்?" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்க வேண்டிய வேலை அல்ல அது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியையைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறேன். அக்காவும் வருகிறாள். அந்த வகுப்பில் சாரணியராக இருக்கும் வேறு மூன்று பிள்ளைகளின் அம்மாக்களிடமும் பேசியிருக்கிறோம். இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.