கம்ப்யூட்டர் சொன்னால் சரியா?

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது!" என்கிறார்கள் பலர். அதற்கு மேல் அவர்கள் கேள்வி கேட்பதே இல்லை. இது சரியா?

இதற்கு ஒரு சவ்வின் கதை பதில் சொல்லும்.

சூடு ஏறினால் பனிக்கட்டி நிலை மாறித் தண்ணீர் ஆகிறது. அதுபோல, மிக மெல்லிய சவ்வும் சூட்டில் துடித்துத் துடித்து, கசக்கிய காகிதம்போல் உருண்டுவிடுமா? இது வீண் கேள்வி அல்ல. இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுவின் உறைக்கு உட்புறத்தில் இப்படி ஒரு புரத வலை இருக்கிறது.

1986-ம் ஆண்டு கான்டர், கார்டர், நெல்சன் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்தார்கள். மணிகளை நூலால் பிணைத்தது போன்ற வலையைக் கணக்கிலேயே அமைத்தார்கள். மணிகளை இங்கும் அங்கும் அசைத்தார்கள். ஒரு மணி இன்னொன்றுக்குள் புகக்கூடாது. இது விதி.

"வலை கசங்கும்" என்று விடை வந்தது.

1988-ல் பிளிஷ்கே, போல் என்ற இருவர் இன்னும் பெரிய வலைக்குக் கணக்குப் போட்டார்கள். வலை கசங்கவில்லை! மேடு பள்ளங்களோடு, விரித்த பாய்போலவே கிடந்தது. 1989-ல் வேறொரு முறையில் செய்து பார்த்தபோதும் அதே விடைதான்!

தவறு எங்கே? சிறிய வலையில் சுருக்கம் எது, கசங்கல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆனால் கொடுத்த கணக்கைத்தான் போடும். சந்தேகப்பட்டு மறுபடியும் கேட்டவர்கள் மனிதர்களே!

பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தால் போதாது. அது சொல்லும் விடையைச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.