நடுவில் நிற்பவரும் நிர்ப்பந்தமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பொதுஜன வைத்தியத்தைப் பற்றி எந்தப் பெரிய மசோதா வந்தாலும், அதன் விதியை நிர்ணயிப்பவர்கள் அதை உயிராக நேசிக்கிறவர்களும் அல்லர், வேரோடு வெறுக்கிறவர்களும் அல்லர். இரு பக்கத்தாரும் தத்தம் வாக்குகளை எண்ணி முடித்த பின்பும் வாய் திறவாமல் நடுவே அமர்ந்திருக்கும் நாலைந்து பேரே. மிதவாதிகள் என்று மரியாதையாகவும், மதில்மேல் பூனைகள் என்று கோபமாகவும் இவர்களைச் சொல்வதுண்டு. இத்தகைய அங்கத்தினரைக் கடிதம் எழுதியும், காரியாலய வாசலில் நின்றும், அடுத்த தேர்தலை நினைவூட்டியும் நிர்ப்பந்திப்பது முறைதானா என்ற கேள்வி அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துகொண்டே இருக்கிறது. நிர்ப்பந்திக்காமல் இருப்பதுதான் பிழை என்பது என் அபிப்பிராயம். ஆனால் எப்படி நிர்ப்பந்திப்பது என்பதில் நல்லெண்ணம் படைத்தவர்களே பலமுறை தடுமாறியிருக்கிறார்கள்.

பிரதிநிதி தம் மனச்சாட்சியை மட்டுமே கேட்டு நடக்கவேண்டும், ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அவசரப்படுத்துவது அவருடைய சுதந்திரத்தில் கைவைப்பதாகும் என்று சொல்லும் பெரியோர் எக்காலத்திலும் உண்டு. கம்பீரமான இந்த வாதம் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது: ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற வேளையிலும் அந்த அங்கத்தினர் ஏகாந்தத்தில் இருப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆட்களும் மருந்துக் கம்பெனிகளின் ஆட்களும் அவர் அறைக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்; அவர்கள் உரக்கப் பேசுவதில்லையாதலால் அதை நிர்ப்பந்தமென்று யாரும் சொல்வதில்லை.

இந்தக் கலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தாருக்கு ஈடானவர்கள் குறைவு. அறுபத்தைந்து வயது கடந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை, உழைக்கும் காலத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து கொடுக்கலாம் என்ற மசோதா, ஜனாதிபதி கென்னடியின் ஆதரவோடு காங்கிரஸில் காத்துக்கிடந்த 1961-ஆம் ஆண்டில், அச்சங்கத்தார் ‘காப்பிக் கோப்பை’ என்று பெயரிட்டு ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காப்பி அருந்த வீட்டுக்கு அழைப்பார்கள். கூடத்தில் ஓர் இசைத்தட்டு சுழலும். அன்றைக்கு நடிகராகவே அறியப்பட்டிருந்த ரொனால்டு ரீகன் அதில் பேசுவார். வைத்தியத்தின் வழியாகத்தான் சோஷலிஸம் நாட்டுக்குள் நுழையப் பார்க்கிறது என்று இனிய குரலில் எச்சரிப்பார். தட்டு ஓய்ந்ததும், வந்தவர்கள் ஆளுக்கொரு கடிதம் தத்தம் காங்கிரஸ் அங்கத்தினருக்கு எழுதுவார்கள். அச்சடித்த கடிதமன்று, சொந்தக் கையெழுத்தில், சொந்த வார்த்தைகளில். அப்போதுதானே அது தானாக எழுந்த குரலாகத் தோன்றும்!

சீர்திருத்தக்காரர்களோ பெருங்கூட்டத்தை நம்பினார்கள். 1962 மே 20 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முதியோர் ஆயிரக்கணக்கில் திரண்டிருக்க, கென்னடி ஆற்றிய பிரசங்கம் தொலைக்காட்சியில் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. கூட்டம் கலைந்ததும் மருத்துவச் சங்கத்தார் அதே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, காலி நாற்காலிகளுக்கும் தரையில் இறைந்துகிடந்த குப்பைக்கும் நடுவே டாக்டர் எட்வர்டு அன்னிஸை நிறுத்தி, மறுமொழி பேசவைத்துப் படம்பிடித்து, அதையும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜனாதிபதி தம் எதிரே இருந்த கூட்டத்தை நோக்கிப் பேசினார். டாக்டர் வீட்டில் இருந்தவர்களை நோக்கிப் பேசினார். இரண்டு மாதத்துக்குள் செனட்டில் மசோதா 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்களை ஓரிடத்தில் கூட்டிக் கரகோஷம் வாங்குவதற்கும், தயங்கி நிற்கும் ஒருவரை அவருடைய ஊரிலேயே சென்று பிடிப்பதற்கும் உள்ள தூரத்தை அன்றே சீர்திருத்தக்காரர்கள் உணர்ந்திருக்கலாம்.

அந்நாளில் தயங்கி நின்றவர்களுள் தலையானவர் வில்பர் மில்ஸ். ஆர்கன்சா மாநிலத்தில் கென்செட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்; 1958 முதல் பிரதிநிதிகள் சபையின் வரிவிதிப்புக் குழுவுக்கு அக்கிராசனர். வரி சம்பந்தப்பட்ட எந்த மசோதாவும் அவருடைய வாசலைத் தாண்டித்தான் சபைக்குப் போகவேண்டும். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல இடமில்லை. 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில், தம் கவுண்டியின் நிர்வாகத் தலைவராக இருந்தபோது, ஏழைகளின் வைத்தியச் செலவுக்கு உள்ளூரிலேயே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர். ஆனால் வரவும் செலவும் நெடுங்காலத்துக்குப் பொருந்தி வரவேண்டும் என்ற பிடிவாதமும், சபையில் தோற்கக்கூடிய மசோதாவைத் தம் கையால் எடுத்துச் செல்வதில்லை என்ற அதனினும் பெரிய பிடிவாதமும் அவரிடம் இருந்தன. ஏழை முதியோருக்கு மட்டும் மாநிலங்களின் வழியாக உதவும் சட்டம் ஒன்றை 1960-ல் செனட்டர் ராபர்ட் கெர்ருடன் சேர்ந்து நிறைவேற்றிவிட்டு, அதுவே போதும் என்று இருந்தார். பல மாநிலங்கள் அதற்கு மனம்வைத்துப் பணம் ஒதுக்கவில்லை. 1964-ல் செனட் முதியோர் ஆஸ்பத்திரித் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், இரு சபைகளின் கூட்டுக்குழுவில் மில்ஸ் அசைந்துகொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் அடுத்த வசந்தத்தில் அசைந்தார். ஜனாதிபதி ஜான்சனின் தொலைபேசி வசியமே காரணம் என்று கதை சொல்வோர் உண்டு. அவ்வசியத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தொழிற்சங்கங்களின் துணையோடு 1961-ல் அமைந்த தேசிய முதியோர் கவுன்சில் தொகுதி தொகுதியாகச் செய்துவந்த ஓசையற்ற வேலையும், 1964 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 435-ல் 295 இடங்கள் கிடைத்ததும் சேர்ந்துதான் மில்ஸின் கணக்கை மாற்றின. தோற்காத மசோதாவைத்தான் தொடுவேன் என்றவருக்கு, இனித் தோற்காது என்பதை ஜனங்கள் வாக்குச்சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

1965 மார்ச் மாதத்தில் அவர் செய்த காரியம், அவரை நிர்ப்பந்தித்தவர்களையே திகைக்கவைத்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டுமே அரசாங்கம் கேட்டிருந்தது. டாக்டர் கட்டணத்தையும் சேர்த்து விருப்ப இன்ஷூரன்ஸே போதும் என்று குடியரசுக் கட்சியின் ஜான் பைர்ன்ஸ் ஒரு மாற்று மசோதா வைத்திருந்தார். ஏழைகளுக்கு மட்டும் உதவினால் போதும் என்று மருத்துவச் சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று ஒழிக்கப் பிறந்த இம்மூன்றையும் மில்ஸ் ஒரே மசோதாவாகக் கட்டிவிட்டார். முதல் இரண்டும் மெடிகேர் என்ற முதியோர் திட்டத்தின் இரு பகுதிகளாயின. மூன்றாவது ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆயிற்று. ஏப்ரல் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் 313 பேர் ஆதரித்தார்கள், 115 பேர் எதிர்த்தார்கள். ஜூலை 30 அன்று, இத்தகைய திட்டத்துக்காக வாதாடித் தோற்ற முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊரான இண்டிபெண்டன்ஸுக்கே சென்று, அவர் அருகிலிருக்க ஜான்சன் கையெழுத்திட்டார். நாங்கள் எழுதிய மசோதாவை எழுத்துப் பிசகாமல் ஒப்புக்கொள் என்று மில்ஸின் கழுத்தில் கத்தி வைத்திருந்தால், டாக்டர் கட்டணத்துக்கு உதவி அன்று கிடைத்திருக்காது. முடிவைத்தான் அவர்மேல் சுமத்தினார்கள். அதை எட்டும் வழியை வகுக்கும் கௌரவம் அவருக்கு மிஞ்சியிருந்தது. (இதற்கு விலையும் உண்டு: டாக்டர்கள் வழக்கமாக வாங்கும் கட்டணத்தையே கொடுப்பது என்ற சமாதானம் பிற்காலத்தில் செலவை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது.)

நாற்பத்து நாலு வருஷம் கழித்து ஜனாதிபதி ஒபாமாவின் வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்துக்கு வந்தபோது சூழ்நிலை கடுமையாகியிருந்தது. எதிர்க்கட்சி விவாதத்தை முடிவில்லாமல் இழுத்தடிப்பதைத் தடுக்கச் செனட்டில் 60 வாக்குகள் வேண்டும். ஜனநாயகக் கட்சிப் பக்கத்தில் இருந்தவர்கள் சரியாக 60 பேர். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு வில்பர் மில்ஸ் ஆனார்கள், அவருடைய கணக்கறிவுதான் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. கனெக்டிகட்டின் ஜோ லீபர்மன் அரசாங்க இன்ஷூரன்ஸை நீக்கவைத்தார். 55 வயதானவர்கள் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம் என்ற யோசனையும் அவரால் போயிற்று. நெப்ராஸ்காவின் பென் நெல்சனோ, மெடிகெய்டு விஸ்தரிப்பில் தம் மாநிலத்துக்கு ஆகும் செலவு முழுவதையும் என்றென்றைக்கும் மத்திய அரசே ஏற்கும் என்ற சலுகையைப் பெற்றுக்கொண்டு, டிசம்பர் 19 அன்று சம்மதித்தார். நாடே நகைத்தது, அவர் மாநிலத்துக் கவர்னரே அந்தச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை என்று விலகிக்கொண்டார், மார்ச் மாதத்தில் சலுகையும் நீக்கப்பட்டது. வாக்கு கிடைத்ததே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நோயாளியின் பொருட்டு வந்த சட்டம் பேரம் பேசி வாங்கிய சரக்கு என்ற எண்ணம் அன்று ஜனங்களின் மனத்தில் படிந்தது, சட்டத்தின் சத்துருக்களுக்குப் பல வருஷம் உணவாயிற்று.

ஆர்கன்சாவின் பிளான்ச் லிங்கனுடைய கதை வேறு. விவாதத்தைத் தொடங்கவே தயங்கி, கடைசியில் சம்மதித்து, டிசம்பர் 24 அன்று 60-க்கு 39 என்று நிறைவேறிய மசோதாவுக்கு வாக்களித்தவர் அவர். அரசாங்க இன்ஷூரன்ஸை எதிர்த்தார் என்பதாலும், தொழிலாளர் சட்டம் ஒன்றில் கைவிட்டார் என்பதாலும் சினங்கொண்ட தொழிற்சங்கங்கள், 2010-ல் உட்கட்சித் தேர்தலில் லெப்டினன்ட் கவர்னர் பில் ஹால்டரை அவருக்கு எதிராக நிறுத்தி, ஏறக்குறைய 1 கோடி டாலர் செலவழித்தன. ஜூன் மாதத்தில் அவர் தப்பினார்; நவம்பரில் குடியரசுக் கட்சியிடம் படுதோல்வி அடைந்தார். அவர் தோற்பதற்குத் தேசமெங்கும் வீசிய எதிர்க்காற்றே போதுமாயிருந்தது என்பது உண்மைதான். ஆயினும் வாக்கு முடிந்தபின் வந்து சேர்ந்த அந்தப் பெருந்தொகையை நிர்ப்பந்தம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது தண்டனை. அதில் ஒரு பங்கு, ஓராண்டு முன்பே, மிஸிஸிப்பி நதிக்கரைப் பருத்திக் கிராமங்களில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாழ்ந்தவர்களை அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தச் செலவாகியிருந்தால், தயக்கத்துக்கு வேறு நிறம் வந்திருக்கும்.

தொகுதிக்காரரின் நேர்முகத்துக்கு எவ்வளவு வலிமை என்பது 2017-ல், அதே சட்டத்தைக் குடியரசுக் கட்சியார் கலைக்க முயன்ற வேளையில் தெரிந்தது. அக்கட்சியைச் சேர்ந்த மெய்ன் மாநிலச் செனட்டர் சூசன் காலின்ஸ் ஜூலை 4 அன்று கனடா எல்லையோரத்து ஈஸ்ட்போர்ட்டில் சுதந்திர தின ஊர்வலத்தில் நடந்துபோனபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பேசியது அநேகமாக ஒரே விஷயம்: வைத்தியம். விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்றார்கள், தூற்றியவர்கள் சொற்பம். ஜூலை 28 நள்ளிரவுக்குப் பின் அவரும், அலாஸ்காவின் லிசா முர்கௌஸ்கியும், ஜான் மெக்கெய்னும் தம் கட்சியை மீறி வாக்களிக்க, கலைப்பு மசோதா 49-க்கு 51 என்று விழுந்தது.

ஆர்கன்சாவில் சட்டம் வேரூன்றிய விதமும் இவ்விஷயத்தைச் சேர்ந்ததே. மெடிகெய்டுப் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் வாங்கிக் கொடுப்பது என்று 2013-ல் கவர்னர் மைக் பீபியும், குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த மாநிலச் சட்டசபையும் உடன்பாடு கண்டார்கள். இது எங்கள் சரக்கு, வாஷிங்டன் சரக்கல்ல என்று அங்கத்தினர்கள் ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ள அது இடம் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கே இன்ஷூரன்ஸ் இல்லாதோரின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆனால் அம்மாநிலத்தில் இத்தகைய நிதி ஒதுக்கீட்டுக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும், அதுவும் வருஷந்தோறும் வேண்டும். 2014-ல் கீழ்ச்சபையில் பலமுறை தோற்று, 75 வாக்கு தேவையான இடத்தில் 76 பெற்று அது தப்பியது. மறு ஆண்டுக்கான ஆள்தேடலை ஆஸ்பத்திரிக்காரர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.