கையெழுத்திடுபவர் மகன், குடிபெயர்பவர் தாய்

அமெரிக்கக் குடியுரிமைக்காக என்-400 படிவத்தை நிரப்ப, குடியேற்ற வழக்கறிஞர்களான நம்மிடம் வரும் நம் மக்களில் பலர் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள்: "பிரமாணம் எடுத்த மறுநாளே அப்பா, அம்மாவுக்கு மனு போட்டுவிடலாமா?" போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரால் பெற்றோருக்கு மனுச் செய்ய முடியாது. 21 வயது நிறைந்த குடிமகனோ குடிமகளோ செய்தால், பெற்றோர் 'நெருங்கிய உறவினர்' பிரிவில் வருவார்கள். அதற்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டுக்காகப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்து, அதன்பின் இன்னொரு 5 ஆண்டு கழித்துக் குடியுரிமை பெறும் இந்தியருக்கு, வரிசையே இல்லாத ஒரு பிரிவு பெரிய ஆறுதல்தான். அவருடைய அவசரம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

பெற்றோருக்கான ஐ-130 மனுவை நாம் மகனின் கோப்பாகவே நடத்துகிறோம். கட்டணம் கட்டுபவர் அவர். மின்னஞ்சலுக்குப் பதில் சொல்பவரும் அவர்தான். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பப்போவது திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் எழுபது வயது அம்மா. விசா நேர்காணலுக்கு முந்தைய வாரம்வரை அவரிடம் நம்மில் யாரும் ஒரு வார்த்தை பேசியிருப்பதில்லை. இது மாற வேண்டும். மனுவில் கையெழுத்தாகும் முன்பே, மகன் உடன் இல்லாத ஓர் உரையாடலில், தமிழில், அம்மாவிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்: "நீங்கள் அங்கே வாழ விரும்புகிறீர்களா, வந்துபோக விரும்புகிறீர்களா?"

இரண்டும் வேறு. கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழ்வதற்கான உரிமை. கோடையில் இங்கே, மார்கழி முதல் பங்குனிவரை ஊரில் என்று ஆண்டைப் பிரித்துக்கொள்ளும் திட்டத்தோடுதான் பல குடும்பங்கள் வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஊறிப்போயிருக்கிறது. அதிகாரி நாள்களை மட்டும் எண்ணுவதில்லை. நிலையான வீடு எது, குடும்பம் எங்கே, வரி எங்கே கட்டப்படுகிறது, பயணம் உண்மையில் தற்காலிகமானதா என்பதையும் பார்க்கிறார். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க நேரும் என்று தெரிந்தால் ஐ-131 வழியாக, பொதுவாக 2 ஆண்டுவரை செல்லும் மறுநுழைவு அனுமதியைக் கேட்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அவர் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். ஊரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு நம்மை அழைத்தால் அந்த வழி இருக்காது. விமான நிலையத்தில், நிரந்தரக் குடியிருப்பைக் கைவிடுவதற்கான ஐ-407 படிவத்தை நீட்டினால் கையெழுத்திடும் கட்டாயம் இல்லை என்பதையும், குடியேற்ற நீதிபதி முன் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை. தனியாகப் பயணம் செய்யும் முதியவர்கள் அந்த மேசை முன் எவ்வளவு பயந்துபோகிறார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

வரியைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. கிரீன் கார்டு பெற்ற நிலையில் அமெரிக்காவுக்குள் வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மா அமெரிக்க வரிக் குடியிருப்பாளர். ஊர்ப் பென்ஷன், வைப்பு நிதி வட்டி, மாடி வீட்டு வாடகை எல்லாமே கணக்கில் வரும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வைப்பு நிதி மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இதற்கு அஞ்சி 'குடியிருப்பாளர் அல்லாதவர்' என்று வரிப் படிவம் போட்டால், அதுவே நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதற்குச் சான்றாகத் திரும்பும்.

மருத்துவமும் அப்படித்தான். 65 வயதைக் கடந்து வருபவருக்கு, தொடர்ந்து 5 ஆண்டு சட்டப்படி வாழ்ந்த பிறகே மெடிகேரில் பணம் கட்டிச் சேரும் வாய்ப்பு வரும். தனக்கோ துணைவருக்கோ உழைப்புக் கணக்கு இல்லாவிட்டால் மருத்துவமனைப் பகுதிக்கு மட்டுமே மாதம் 500 டாலருக்கு மேல். அதுவரையிலான காப்பீட்டுச் செலவை மகன் கணக்குப் போட்டிருக்கிறாரா?

தாயைத் தாங்குவதாக மகன் தரும் ஐ-864 உறுதிமொழிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வறுமைக் கோட்டின் 125 சதவீத அளவுக்குக் குடும்ப வருமானம் காட்டினால் போதும் என்று அதை ஒரு வருமானப் படிவமாகவே விளக்கிவிடுகிறோம். அது ஓர் ஒப்பந்தம். 1996 சட்டத்துக்குப் பின் நீதிமன்றத்தில் நிறைவேற்றக்கூடியது. தாய் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு கணக்கில் சேரும்வரை, அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நாடு திரும்பும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை அது தொடரும். அந்த அளவுக்குத் தன்னைத் தாங்கவில்லை என்று தாய் மகன்மீது வழக்குத் தொடரவும் சட்டம் இடம் தருகிறது. ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் ஆஜராகும்போது அவர்களுடைய நலன்கள் மோதக்கூடிய இடம் இது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 1.7 கேட்கும் எழுத்துப்பூர்வ ஒப்புதலை, தாய்க்குப் புரியாத ஆங்கிலத்தில் வாங்கி வைப்பதை நான் ஒப்புதலாக எண்ணுவதில்லை.

"பி-2 சுற்றுலா விசாவில் கூட்டிவந்து இங்கேயே கிரீன் கார்டுக்கான ஐ-485 போட்டுவிட்டால் என்ன?" என்ற கேள்வியும் வரும். வந்த பிறகு மனம் மாறுவது வேறு. குடியேறும் எண்ணத்தை மறைத்து, 'பேரனைப் பார்க்க வந்தேன்' என்று நுழைவாயிலில் சொல்வது வேறு. பின்னது பொய்யுரை என்று முடிவானால் தடை ஆயுளுக்கும் நிற்கும். அதை நீக்கக் கோரும் மனுவில் அவருடைய கணவர் அல்லது மனைவி, தாய், தந்தை ஆகியோரின் கஷ்டமே கணக்கில் வரும். மனுச் செய்த பிள்ளையின் கஷ்டம் வராது. விமானச் சீட்டு வாங்கும் முன்பே குடும்பம் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் உடன்பிறந்தவரின் சாவுக்குப் போக முடியாமல் தவிக்கும் முதியவருக்கு அப்போது நாம் சொல்லும் ஆறுதல் எதற்கும் உதவாது.

'நெருங்கிய உறவினர்' பிரிவில் யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டு வர முடியாது என்பதும் அடிக்கடி விட்டுப்போகிறது. அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு. வீட்டில் பள்ளியில் படிக்கும் தங்கையோ, பெற்றோரைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி அண்ணனோ இருந்தால் அவர்களுக்கு இதில் இடமில்லை. அந்த அண்ணனை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு விடை தெரியாமல் அம்மாவின் மனுவைத் தொடங்கவே கூடாது.

ஆவணங்களில் தாய்க்கு மகனின் பிறப்புச் சான்றிதழ் போதும். தந்தைக்குப் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முன் கோயிலில் தாலி கட்டிய திருமணத்துக்குப் பதிவு ஏது? பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் சாதிப் பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயர். பதிவு இல்லை என்ற சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், நேரில் அறிந்தவர்களின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை என்-400 நிலுவையில் இருக்கும் மாதங்களிலேயே திரட்டத் தொடங்கலாம். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளருக்கு, புதிய பெயர் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாது என்பதையும் நீதிமன்ற ஆணையைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

என்-400 கோப்பில் எனக்கு மனம் கனப்பது பயணப் பட்டியல். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய ஏழு மாதம் ஊரில் தங்கிய மகளுக்கு, 6 மாதத்தைத் தாண்டிய அந்தப் பயணம் தொடர் வசிப்பை முறித்ததாகவே அனுமானிக்கப்படும். வேலையை விடவில்லை, வீட்டைக் காலி செய்யவில்லை, கணவரும் குழந்தைகளும் இங்கேயே இருந்தார்கள் என்று காட்டி அதை மறுக்கலாம். சான்றுகளை நேர்காணலுக்கு முன்பே சேர்த்து வையுங்கள். தந்தையைக் கவனித்த காரணத்தாலேயே தந்தைக்கான மனு தள்ளிப்போகும் நிலை, நம் தயாரிப்புக் குறைவால் நேரக் கூடாது.

அம்மா, "எனக்கு அங்கே வந்துபோனால் போதும்" என்று சொன்னால் ஐ-130 தாக்கல் செய்யாதீர்கள். பி-2 விண்ணப்பத்தில், உங்களுக்காகக் குடியேற்ற மனு எப்போதாவது தரப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. வேண்டாத மனு ஒன்று, வேண்டிய விசாவைச் சிக்கலாக்கும். "இப்போது போடாவிட்டால் இடம் போய்விடும்" என்று மகன் பதறினால், உச்சவரம்பு இல்லாத பிரிவில் காத்திருப்பு வரிசை கிடையாது என்று சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து அம்மா மனம் மாறினால், அன்று தாக்கல் செய்யலாம்.