பகாசுரன் வேஷம்

தீபத்துக்கு முதல் நாள் என் தங்கச்சி மகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். கூட நாலு பசங்க. எல்லாருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பையிலிருந்து இருபது முகம் வைத்த பகடை ஒன்றை எடுத்துத் திண்ணையில் உருட்டினான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஓர் ஆட்டமாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் கொண்டுவந்தது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், மந்திரவாதி, திருடன். "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் கதவு உடையுமா உடையாதா என்பதைப் பகடை சொல்லும். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம தெருக்கூத்தில் பாட்டையும் அடவையும் எடுத்துவிட்டு தாயக்கட்டையைச் சேர்த்தால் இதுதானே?

"நாளைக்கு ராத்திரி நான்தான் மாமா கதை சொல்லணும். யோசனை ஒண்ணும் ஓடல. நீதான் எழுதுற ஆளாச்சே, ஒரு சாகசக் கதை சொல்லு மாமா" என்றான்.

அண்ணாமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கதை இல்லை என்கிறான்! இந்த மலையே ஒரு சாகசப் போட்டிதான். ஒருத்தர் பன்றியாகி அடியைத் தேடித் தோண்டினார், ஒருத்தர் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். பறந்தவர் முடியைப் பார்த்ததாகப் பொய் சொல்ல, தாழம்பூ பொய்சாட்சி சொன்னது. இன்றுவரை தாழம்பூவைச் சிவபூசையில் சேர்ப்பதில்லை.

"யோசனை வரலன்னா வழக்கமா என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். பட்டியல் இருக்கிறதாம். பகடை உருட்டினால் விழுந்த எண்ணுக்கு நேரே ஒரு யோசனை. 1979இல் வந்த கதை நடத்துபவர் கையேட்டின் பின்னிணைப்பிலேயே பகடையால் சுரங்கமும் அறையும் அசுரனும் உண்டாக்கும் அட்டவணைகள் உண்டென்றான். செல்போனில் இருந்த பட்டியலைப் படித்துக் காட்டினான். ஓர் ஊர். பக்கத்தில் குகை. குகையில் அசுரக் கூட்டம். ஊரார் கூலி பேசி வீரர்களை அனுப்புகிறார்கள். வீரர்கள் உள்ளே போய் வெட்டிவிட்டுப் புதையலோடு திரும்புகிறார்கள். அடுத்த யோசனையில் குகைக்குப் பதில் காடு. அதற்கடுத்ததில் காட்டுக்குப் பதில் பாழடைந்த கோட்டை. வெட்டும் புதையலும் மாறவில்லை.

இந்தக் கதை எனக்குத் தெரியும். எங்களை எட்ட நிறுத்திவைத்துத்தான் இதைக் காட்டினார்கள்.

எங்க ஊரில் திரௌபதியம்மன் கோயில் முன்னால் பாரதக் கூத்து நடக்கும். ஊருக்குப் பாய் விரிப்பு. சேரிக்கு வாய்க்கால் மேடு. சாமிக்கு முன்னால் பறையடிக்க மட்டும் எங்க ஆள் வேண்டும். பகாசுரன் சண்டை அன்றைக்கு வண்டி நிறைய சோறும் பதார்த்தமும் ஏற்றி, மேலே பீமன் உட்கார்ந்து, தின்றுகொண்டே தெருத்தெருவாக வருவான். சேரித் தெருவுக்குள் அந்த வண்டி வந்ததில்லை. மறுநாள் நாங்கள் சின்னப் பசங்க களத்துமேட்டில் அதே கூத்தை ஆடுவோம். பனையோலையில் கிரீடம், கொட்டாங்குச்சியில் புஜகட்டை. பீமன் வேஷத்துக்கு எங்களில் யாரும் சண்டை போட்டதில்லை. அடிதடி எல்லாம் பகாசுரன் வேஷத்துக்குத்தான். ஏன்? வண்டிச்சோறு அவனுக்கு வர வேண்டியது. பீமன் இடையில் புகுந்து தின்பவன். வயிறு காய்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே விளங்கிவிட்டது.

வளர்ந்து மகாபாரதத்தைப் புத்தகமாகப் படித்தபோதுதான் அந்தக் கணக்கு தப்பில்லை என்று தெரிந்தது. ஆதிபர்வத்தில் பார்ப்பனக் குடும்பத்தவன் வாயாலேயே விஷயம் வருகிறது. ஏகசக்கர நகரத்தைக் காப்பாற்ற ராஜாவுக்கு வக்கில்லை. பகை வராமல் காவல் காக்கிறவன் பகன். அதற்கு அவனுக்குப் பேசிய கூலி ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, ஓர் ஆள். ஆளைத் தின்றது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லைதான். ஆனால் காவலையும் வாங்கிக்கொண்டு, கூலியையும் வெளியூர்க்காரனைத் தின்னவிட்டு, காவல்காரனையும் கொன்றுபோட்ட ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதே! பிணம் புதைத்து, வாய்க்கால் காத்து, சாவு சொல்லப் போய், அறுப்புக் களத்தில் மரக்கால் நெல்லுக்குக் கைகட்டி நின்றவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் பகாசுரன் யாரென்று விளங்கும்.

அதே பர்வத்தில் கொஞ்சம் முன்னால் போங்கள். அரக்கு மாளிகை. பாண்டவர் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். சாகசம் என்றால் இதுவல்லவா சாகசம்! ஆனால் அந்த ராத்திரி மாளிகையில் ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் தின்றுவிட்டு, குடித்துவிட்டுப் படுத்திருந்தார்கள். ஆறு பேரும் வெந்து கரிக்கட்டையானார்கள். அந்த எலும்புகளைப் பார்த்துத்தான் குந்தியும் பாண்டவரும் செத்தார்கள் என்று உலகம் நம்பியது. அவளுக்குப் பெயர் இல்லை. பிள்ளைகளுக்கும் இல்லை. நான் பார்த்த எந்தக் கூத்திலும் அவளுக்கு வேஷமும் இல்லை. பின்னால் காண்டவ வனத்தைக் கொளுத்தி, தப்பி ஓடிய உயிர்களை எல்லாம் மடக்கிக் கொன்ற கதை வருகிறது. அதற்கென்றே வாங்கியது காண்டீபம். உயிர்பிழைத்த மயன் மண்டபம் கட்டிக்கொடுத்தான். காட்டை அழி, ஆளைக் கொல், ஆயுதம் வாங்கு, மாளிகை கட்டு. பெங்களூர்ப் பசங்க செல்போனில் இருந்த பட்டியலில் இதைவிடப் புதிதாக என்ன இருக்கிறது?

"மாமா, இது வெள்ளைக்காரன் ஆட்டம். இதுல ஜாதி எங்க வருது?" என்று மற்றவர்களில் ஒரு பையன் கேட்டான். வருகிறது தம்பி. 1977இல் அவர்கள் போட்ட அசுரப் பட்டியல் புத்தகத்தில் நம்ம ராட்சதனே இருக்கிறான். புலித்தலை, வாயில் புகைக்குழாய். மந்திரித்த அம்பு ஒன்று தைத்தால் காலி. அவன் என்ன தப்பு செய்தான் என்ற கேள்வி இல்லை, அந்தப் பிறப்புக்கே கெட்ட குணம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஓர்க் என்று ஒரு கூட்டம், அதுவும் அப்படியே. கருத்த தோல்காரர் டிரோ என்று ஒரு கூட்டம், அவர்களும் அப்படியே. பிறப்பிலேயே குணம் எழுதியிருப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர்? அதை வருணம் என்று சொல்லி ஒருவன் சாஸ்திரமாக எழுதினான், இன்னொருவன் விளையாட்டாக எழுதினான்.

அங்கேயும் கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள். ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி, ஓர்க்கையும் டிரோவையும் ஒட்டுமொத்தமாகக் கெட்டவர்களாகக் காட்டமாட்டோம் என்று 2020இல் அறிவித்தது. 2022 டிசம்பரில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிடப்போவதாகச் சொன்னது. சொல்லை மாற்றுவது சுலபம். நம்ம ஊரில் 'ஹரிஜன்' என்று மாற்றிப் பார்த்தார்களே, டீக்கடை டம்ளரா மாறியது? அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே 2022இல் வந்த ஒரு புத்தகம். வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதிய பதின்மூன்று சாகசக் கதைகள். அதில் ஒன்றை எழுதியவர் கல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல். வங்கத்து ஆற்றையும் சதுப்பையும் அந்த ஆட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அசுரன் பக்கம் நின்று கதையைப் படிப்பதை நமக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யில் மகாபலி நல்ல ராஜா, வாமனன் வஞ்சகன். அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கார்த்திகைத் தீபத்தையே ஆமணக்கு எண்ணெய் கண்ட பௌத்தர்களின் விழா என்று எழுதினார். அம்பேத்கர் ராமனையும் கிருஷ்ணனையும் கேள்வி கேட்டு எழுதிவைத்ததை 1987இல் மகாராஷ்டிர அரசு அச்சிட்டபோது தெருவில் கலவரமே வந்தது. கதைதானே என்று யாரும் விட்டுவிடவில்லை பாருங்கள்.

அதற்காக வேஷத்தைத் திருப்பிப்போட்டு, நம்ம ஆள் கையில் வாளைக் கொடுத்து எதிர்த் தெருவை வெட்டச் சொல்வதா? எனக்கு அதில் ருசி இல்லை. மதுரை வீரனைப் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்றால் வீரம் ஏது என்று அவனுக்குக் காசி ராஜா வீட்டுப் பிறப்பை ஒட்டவைத்தார்கள். 1956 சினிமா அந்த ஒட்டையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு வீரன் பெயரை மட்டும் மாற்றினால் கடைசியில் இப்படித்தான் ஆகும். அவனை ராஜா வீட்டுப் பிள்ளையாக்கித்தான் விடுவார்கள்.

சாகச யோசனை வேண்டுமா? இங்கிருந்து தண்டராம்பட்டு பக்கம் போ. தென்முடியனூர். அறநிலையத்துறைக் கோயில், முத்துமாரியம்மன். எண்பது வருஷமாக உள்ளே விடவில்லை என்று செய்தித்தாள்களே எழுதின. 2023 ஜனவரி 30ஆம் தேதி கலெக்டரும் எஸ்.பி.யும் முன்னால் வர, சுற்றிலும் போலீஸ் நிற்க, நம்ம சனம் மாலையும் பொங்கல் பானையுமாக உள்ளே போனது. எதிரே ஊர் நின்று கத்தியது. அங்கே குகையுமில்லை, புதையலுமில்லை. இருந்தது ஒரு வாசல்படி. முதல் காலை அதில் வைத்தவர்களுக்குக் கால் நடுங்கியிருக்காதா? மறுநாள் வேலைக்கு யார் கூப்பிடுவார், கடையில் அரிசி கொடுப்பானா, போலீஸ் போன பிறகு ராத்திரி என்ன ஆகும் என்ற நினைப்பு இருந்திருக்காதா? இதைவிடப் பயங்கரமான சுரங்கத்தை எந்தப் பகடை உருட்டித் தரும்? அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்தில் மாரியம்மன் கோயில். இப்படி ஊருக்கு ஒரு வாசல்படி இருக்கும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை ஓடலை என்கிறான் என் தங்கச்சி மகன்!

அவன் தலையைச் சொறிந்தான். "விளையாட்டு மாமா. ரொம்ப அழ வச்சிராத. பசங்க ஓடிப்போயிடுவாங்க."

நியாயம்தான். நாங்களும் களத்துமேட்டில் அழுவதற்காக ஆடவில்லை. எங்க கூட்டத்தில் ஒருத்தன், பகாசுரன் வேஷம் கட்டியவன், ஒரு நாள் அடிவாங்கி விழ மறுத்துவிட்டான். "ஏன்டா பீமா, எம் படியை அளந்துட்டு அப்புறம் சண்டைக்கு வா" என்றான். பீமனுக்குப் பதில் தெரியவில்லை. கூத்து நின்றுபோனது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"சரி, அந்த நிஷாதப் பொம்பளையை எடுத்துக்கோ" என்றேன். "அரக்கு மாளிகை. நடுராத்திரி. புகை வாசம் வருது. அவ கண்ணு முழிச்சிட்டா. அஞ்சு பிள்ளைங்களும் தூங்குது. வாசல் வெளியே பூட்டியிருக்கு. இங்கிருந்து ஆரம்பி."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கேள்வி கேட்ட அந்தப் பையன்தான் வாயைத் திறந்தான். "சுரங்கம் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதுன்னு எழுதினவன் யாரு?"

"ஆறு பேர் வேணுமே. கதை சொல்ற இவன் போக நாங்க நாலு பேருதான்" என்றான் அவன். நான் துண்டை உதறிப்போட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தங்கச்சியைக் கூப்பிட்டோம். அம்மா வேஷம் அவளுக்கு என்று முடிவாயிற்று. பகடையைக் கையில் வாங்கிப் பார்த்தவள், "இதுல தாயம் எதுடா?" என்றாள்.